பார்த்துச் செய்வதா? செய்துவிட்டுப் பார்ப்பதா?

ஒருவன் தன் வீட்டுக் கிணற்றை ஆழப்படுத்த எண்ணினால், அண்டை வீட்டுச் சுவர் சரியுமா என்று பார்த்துக்கொண்டுதான் மண்வெட்டியை எடுக்கிறான். சரிந்தால் பழி தன் தலையில் விழும் என்ற அச்சமும், அடுத்த வீட்டானும் தன்னைப் போன்ற மனிதனே என்ற எண்ணமும் அவனை அவ்வாறு பார்க்கச் செய்கின்றன. ஆனால் ஓர் அரசாங்கமோ, அரசாங்கத்தின் அநுமதி பெற்ற ஒரு கம்பெனியோ மலையைக் குடைந்து, ஆற்றை மறித்து, கடலைத் தூர்த்து, காட்டை அழித்துப் பெருங்காரியம் ஒன்றைத் தொடங்கும்போது, அதனால் எவர் வீட்டுச் சுவர் சரியும் என்று முன்கூட்டிப் பார்க்கும் கடமை யாருடையது? பார்த்ததை யாரிடம் சொல்ல வேண்டும்? பார்த்தபின், “இக்காரியம் வேண்டாம்” என்று சொல்லும் துணிவு எவருக்கு இருக்கிறது? இவை இலாகா உத்தியோகஸ்தர்களின் காகிதக் கேள்விகளாகச் சிலருக்குத் தோன்றலாம். உண்மையில் இவை நீதியைப் பற்றிய கேள்விகளாம். வள்ளுவர் அரசனுக்கு ‘தெரிந்துசெயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார் என்றால், அரசு செய்யும் காரியங்களில் முன்னறிவு ஓர் அறம் என்று நம் முன்னோர் கொண்டிருந்தனர் என்பது விளங்கும்.

இக்காலத்தில் அந்த முன்னறிவுக்குச் சட்டம் ஒரு பெயர் இட்டிருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்பது அதன் பெயர். ஒரு பெருந்திட்டம் நிறைவேறினால் காற்று, நீர், மண், விலங்கு, மனிதர் ஆகியவற்றுக்கு என்ன நேரும் என்பதை முதலில் ஆராய்ந்து, அதன் பின்னரே அநுமதி தருவதா மறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். அமெரிக்க நாடு 1969-இல் இதற்குச் சட்டம் இயற்றி வழி காட்டியது. மலேசியாவில் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 1985-இல் ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டு, 1987-இல் எந்தெந்தக் காரியங்களுக்கு இம்மதிப்பீடு தேவை என்ற கட்டளை வெளியாகி, 1988 ஏப்ரல் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. 2015-இல் அக்கட்டளை திருத்தி எழுதப்பட்டது. சிங்கப்பூரிலோ இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. நிலத் திட்ட அநுமதி வழங்கும் முறைக்குள்ளேயே இந்த ஆராய்ச்சி அடக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே சட்டம் இல்லை என்ற குறை இன்று நமக்குப் பெரிதன்று. சட்டம் எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது என்பதே நாம் சிந்திக்க வேண்டிய விஷயம். விசாரணை என்பது வேறு, சடங்கு என்பது வேறு. ‘இல்லை’ என்ற விடையும் வரக்கூடும் என்ற நிலையில் நடப்பதே விசாரணை. என்ன நடந்தாலும் ‘ஆம்’ என்ற விடையே வரும் என்று முன்னதாகவே தெரிந்திருந்தால் அது சடங்கு. கலியாணப் பந்தல் போட்டு, மேளம் சொல்லி, ஊரெல்லாம் பத்திரிகையும் கொடுத்துவிட்ட பிறகு ஜாதகப் பொருத்தம் பார்க்க உட்காருகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். பொருத்தம் இல்லை என்று எந்தச் சோதிடன் அப்போது சொல்லுவான்? பத்துப் பொருத்தத்தில் எட்டாவது தேறும். மீதிக்கு ஒரு பரிகாரமும் கிடைக்கும். நம் நாட்டு மதிப்பீடுகளிற் பல இந்த ஜாதகப் பொருத்தத்தின் நிலையில் இருப்பதே நம் கவலைக்குக் காரணம். பரிகாரத்துக்குப் பதிலாக அங்கே ‘நிபந்தனைகள்’ எழுதப்படுகின்றன. அவ்வளவே வேற்றுமை.

காலத்தைப் பற்றி

முதற் குற்றம் காலத்தைப் பற்றியது. முடிவு செய்துவிட்டு ஆராய்வதற்குச் சரவாக்கின் பாக்குன் அணைக்கட்டைக் காட்டிலும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. அவ்வணையைக் கட்டும் பொறுப்பை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைப்பதென்று 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. 1987-ஆம் ஆண்டின் கட்டளைப்படி மதிப்பீட்டு அறிக்கை மத்திய அரசாங்கத்தின் இலாகாவின் முன் சென்றிருக்க வேண்டும். ஆனால் 1995-இல் ஒரு திருத்தம் வெளியிடப்பட்டது. அக்கட்டளை சரவாக்குக்குப் பொருந்தாது என்றும், அத்திருத்தம் 1994 செப்டம்பரிலிருந்தே அமலில் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் அது கூறியது. சென்றுபோன காலத்துக்கும் சேர்த்து இவ்வாறு ஒரு விதி எழுதப்பட்டது! ஆற்றங்கரைவாசிகள் மூவர் நீதிமன்றம் ஏறினர். 1996-இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் நியாயம் கண்டது. 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிலமும் ஆறும் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று கூறி அத்தீர்ப்பை மாற்றிவிட்டது.

சட்ட நுணுக்கத்தில் எவர் சொல் சரி என்பது வழக்கறிஞர் வேலை. நீதியின் கண் கொண்டு நோக்கும் நாம் கவனிக்க வேண்டியது வேறு. காயான், கென்யா, பெனான் முதலிய மக்கள் சுமார் 10,000 பேர் தம் ஆற்றங்கரையை விட்டுச் சுங்கை ஆசாப் என்ற குடியேற்றத்துக்கு 1998-ஐ ஒட்டிய காலத்தில் பெயர்க்கப்பட்டனர். அவ்வேளையில் பொருளாதார நெருக்கடியினால் அணைக்கட்டு வேலையே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அணையில் நீர் தேக்கத் தொடங்கியது 2010-ஆம் ஆண்டில்தான். தண்ணீர் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் விரட்டப்பட்டனர். சிங்கப்பூர்த் தீவின் பரப்புக்கு ஏறத்தாழச் சமமான நிலம் நீரில் மூழ்கியது. முதலில் ஆராய்ந்து, அம்மக்களின் எதிரில் அமர்ந்து பேசி, அதன்பின் முடிவு செய்திருந்தால் அணையே வந்திராது என்று யாம் சொல்லவில்லை. ஒருவேளை வந்திருக்கலாம். ஆனால் வீட்டை இழப்பவனிடம் காரணம் சொல்லி இழக்கச் செய்வதற்கும், காரணம் சொல்லாமலே அவனைப் பெயர்த்தெறிவதற்கும் உள்ள வேற்றுமை, மனிதனை மனிதனாக மதிப்பதற்கும் மரக்கட்டையாக மதிப்பதற்கும் உள்ள வேற்றுமையாகும்.

எனவே சீர்திருத்தத்தின் முதற்படி இதுவே: திட்டம் இன்னும் கருத்தளவில் இருக்கும்போதே, இடத்தை மாற்றவும் அளவைக் குறைக்கவும் அடியோடு கைவிடவும் வழி இருக்கும்போதே ஆராய்ச்சி தொடங்க வேண்டும். அறிக்கையில் ‘இத்திட்டம் இல்லாவிட்டால் என்ன?’ என்ற அத்தியாயம் ஒப்புக்கு எழுதப்படாமல் மெய்யாகவே எழுதப்பட வேண்டும். அறிக்கை ஏற்கப்படும் முன்னர் ஒரு மரமும் வெட்டப்படலாகாது.

தராசு பிடிப்பவன்

இரண்டாவது குற்றம் கூலி யார் கொடுப்பது என்பதைப் பற்றியது. மலேசிய முறையில், திட்டத்தைச் செய்ய விரும்புகிறவரே நிபுணரை நியமித்து, அவருக்கு ஊதியமும் கொடுத்து, அறிக்கையை வாங்கி இலாகாவிடம் சமர்ப்பிக்கிறார். நிபுணர் இலாகாவிற் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்ற பாதுகாப்பு உண்டு. அவர்களில் நேர்மையானவர் பலர் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், இன்று ‘கூடாது’ என்று எழுதும் நிபுணரை நாளை எந்தக் கம்பெனி அழைக்கும்?

தோட்டத்து ஸ்டோரில் பால் நிறுக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிய பாடம் அன்று. என்னைப் போன்ற கிராணிகள் தோட்டத்தின் சம்பளம் வாங்கிக்கொண்டு, தொழிலாளியின் பாலை நிறுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்றும் அளந்து புத்தகத்தில் எழுதுகிறோம். கிராணி யோக்கியனாகவே இருக்கட்டும். அப்படியிருந்தும் தராசு தொழிலாளியின் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும், முள் நிற்பதை அவனும் பார்க்க வேண்டும், எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் ஏன் ஏற்பட்டது? ஒரு தரப்பின் சம்பளம் வாங்குகிறவன் இரு தரப்புக்கும் பொதுவான அளவை அளக்கும்போது, அவனுடைய யோக்கியதையை மட்டும் நம்பி இருப்பது மற்றவனுக்குச் செய்யும் நீதியாகாது என்பதாலேயே அன்றோ? பத்து ராத்தல் பாலுக்கு இத்தனை எச்சரிக்கை வேண்டுமானால், ஓர் ஆற்றின் கதியை அளக்கும் தராசுக்கு எத்தனை எச்சரிக்கை வேண்டும்!

இதற்குப் பரிகாரம் கடினமானது அன்று. திட்டக்காரர் செலுத்த வேண்டிய பணத்தை ஒரு பொதுநிதியிற் செலுத்தட்டும். நிபுணரை இலாகாவோ, இலாகாவுக்கும் அப்பாற்பட்ட ஒரு சபையோ நியமிக்கட்டும். அறிக்கைக்கு ஆதாரமான அளவுகளையும் கணக்குகளையும், சுருக்கத்தை மட்டுமன்றி முழுவதையும், எவரும் பார்க்கும்படி வெளியிடட்டும். சிங்கப்பூரில் 2020-இல் அறிவிக்கப்பட்ட மாறுதல்களின்படி, பாதுகாப்பு முதலிய தக்க காரணம் இருந்தாலன்றி இத்தகைய ஆராய்ச்சிகளை வெளியிடுவதே பொதுவிதி என்று ஆயிற்று. மறைப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே தவிர, வெளியிடுவதற்குக் காரணம் கேட்கலாகாது என்ற இக்கொள்கை வரவேற்கத் தக்கது.

எண்ணிக்கையின் வரம்பு

மூன்றாவது குற்றம் தோட்ட மக்களை நேரே தொடுவது. 1987-ஆம் ஆண்டின் கட்டளையில், 500 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்டத்தில் பயிர்வகையை மாற்றினால் மதிப்பீடு வேண்டும் என்றும், விவசாயத் திட்டம் ஒன்றினால் 100 குடும்பங்களோ அதற்கு மேலோ குடிபெயர நேர்ந்தால் மதிப்பீடு வேண்டும் என்றும், வீடமைப்பாயின் 50 ஹெக்டரிலிருந்து மதிப்பீடு வேண்டும் என்றும் வரம்புகள் குறிக்கப்பட்டன. 2015-இல் வரம்புகள் சில மாறின. ஆயினும் வரம்பு வைத்துப் பிரிக்கும் முறை மாறவில்லை. எங்காவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். சந்தியிற் பெட்டிக்கடை வைப்பவனிடம் அறிக்கை கேட்பது பைத்தியக்காரத்தனம்.

ஆனால் கோடு கிழித்தவுடன் இரண்டு தீங்குகள் பிறக்கின்றன. கோட்டுக்குக் கீழே நிற்பதற்காகவே ஒரு நிலத்தைத் துண்டு துண்டாக்கிக் காட்டும் ஆசை உண்டாகிறது என்பது ஒன்று. நாற்பத்தொன்பது ஹெக்டர் இன்று, நாற்பத்தொன்பது அடுத்த ஆண்டு, அதன் பக்கத்திலேயே மற்றொரு நாற்பத்தொன்பது என்று சென்றால் ஓர் ஊரே உருமாறிவிடும். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுமே நடந்திராது. 1999-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்து அரசாங்கத்துக்கு எதிராக இதே காரணத்துக்காகத் தீர்ப்பளித்தது. பரப்பளவை மட்டும் வரம்பாக வைத்து, இடத்தின் தன்மையையும் பல சிறு திட்டங்கள் சேர்ந்து விளைவிக்கும் கேட்டையும் கணக்கில் எடுக்காமல் விட்டது பிழை என்று அந்நீதிமன்றம் கூறியது.

மற்றொரு தீங்கு இதனினும் ஆழமானது. எண்ணிக்கை குறைந்தால் துன்பமும் குறையும் என்ற மயக்கம் அது. நூறு குடும்பம் பெயர்ந்தால் அரசாங்கம் ஆராயும். நாற்பது குடும்பம் உள்ள ஒரு லயம் பெயர்ந்தால் ஆராய வேண்டியதில்லை. அந்த நாற்பது குடும்பத்தில் ஒரு கிழவிக்கு, அவள் கணவனைப் புதைத்த இடமும், மாரியம்மன் கோவிலும், பிள்ளைகள் நடந்து செல்லக்கூடிய தமிழ்ப் பள்ளிக்கூடமும் போகின்றன. நூறில் ஒருத்தியாக அவள் இருந்திருந்தால் அவள் துக்கம் கூடியிருக்குமா? கூட்டத்தைப் பார்த்து இரங்குவது அரசியல். ஒருவனைப் பார்த்து இரங்குவதே அறம். பட்டணங்கள் விரிய விரிய அவற்றைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் துண்டுபட்டு வீடமைப்பு நிலங்களான சரித்திரத்தை நம் வாசகர் நன்கறிவர். அச்சரித்திரத்தில் மண்ணுக்கும் மழைநீருக்கும் நேர்ந்ததைச் சில சமயம் ஆராய்ந்தார்கள். லயத்து மனிதருக்கு நேர்ந்ததை ஆராய்ந்த சமயம் அரிது. மனிதனும் சுற்றுச்சூழலில் ஓர் அங்கம் என்பதை மதிப்பீட்டின் முதற்பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

கேட்பதும் கேட்பதாகப் பாவிப்பதும்

நான்காவது குற்றம் பொதுஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கும் முறையில் இருக்கிறது. பெரிய திட்டங்களுக்கு அறிக்கை குறிப்பிட்ட சில வாரங்கள் பொதுப் பார்வைக்கு வைக்கப்படுகிறது. எழுத்து மூலம் கருத்துத் தெரிவிக்கலாம். சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது என்று எண்ணி உத்தியோகஸ்தர் நிம்மதி அடைகிறார். ஆனால் தலையணை கனத்துக்கு ஓர் அறிக்கை, இரசாயனப் பெயர்களும் அட்டவணைகளும் நிறைந்து, ஒரு பட்டணத்து அலுவலகத்தில் மேசை மேல் கிடக்குமாயின், விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவனுக்கும், இரவெல்லாம் கடலில் வலை போட்டவனுக்கும், காட்டில் வாழும் ஒராங் அஸ்லிக்கும் அது எவ்வாறு பயன்படும்? கதவு திறந்திருக்கிறது என்று சொல்லி, கதவைப் பத்தாவது மாடியில் வைப்பதற்கு இது ஒப்பாகும். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று பிறகு எழுதுவது, மௌனத்தைச் சம்மதமாக்கும் பழைய தந்திரம்.

படிக்காதவனுக்கு இவ்விஷயத்தில் என்ன தெரியும் என்று கேட்பவர் உண்டு. பல சமயங்களில் அவனுக்குத்தான் தெரியும். எந்த மாதத்தில் எந்த ஓடை கரை புரளும், எந்தச் சரிவு மழைக்கு இளகும், எந்தச் சேற்றில் மீன் குஞ்சு பொரிக்கும் என்பவற்றை அங்கேயே வாழ்கிறவன் அறிவான். சிங்கப்பூரின் உபின் தீவில் செக் ஜாவா என்ற கடற்கரை தூர்க்கப்படவிருந்தபோது, நீர் வற்றிய வேளைகளில் அங்கே நடந்து சென்று உயிரினங்களைக் கண்டு கணக்கெடுத்தவர்களில் பலர் ஊதியம் பெறாத ஆர்வலர்கள். அவர்கள் எடுத்துக் காட்டியதன் பயனாக 2002-இன் தொடக்கத்தில் அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இன்றும் அக்கரை நிற்கிறது. பினாங்கின் தென்கரையில் கடலைத் தூர்த்துத் தீவுகள் அமைக்கும் திட்டத்தின் அறிக்கைக்கு 2019-இல் அநுமதி கிடைத்தது. மீனவர்கள் முறையிட்டனர். 2021-இல் மேல்முறையீட்டு வாரியம் அந்த அநுமதியை ரத்துச் செய்தது. பின்னர் புதிய அறிக்கை தயாராகி, 2023-இல் மீண்டும் அநுமதி வழங்கப்பட்டது. திட்டமும் மூன்று தீவுகளிலிருந்து ஒரு தீவாகச் சுருங்கியது. இதில் எவருக்கு வெற்றி என்று சொல்வது எளிதன்று. ஆனால் வலை இழுக்கும் கைகளும் ஒரு முடிவை நிறுத்தி மறுபடி எண்ணச் செய்யக்கூடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

ஆதலின் இலாகா செய்ய வேண்டியது யாது? அறிக்கையின் சாரத்தைப் பத்துப் பக்கத்துக்குள், பாதிக்கப்படும் மக்கள் பேசும் பாஷையில் அச்சிட்டு அவர்கள் வாசலுக்கே அனுப்ப வேண்டும். மக்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில், அவர்கள் இருக்கும் இடத்திலேயே கூட்டம் கூட்டி வாயாற் சொல்வதையும் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒவ்வொரு கருத்துக்கும் ஏற்றோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று எழுத்தில் விடை தர வேண்டும். விடை தர வேண்டிய கடமை இருந்தாலன்றி, கேட்பது என்பது காதை நீட்டி வைப்பதே ஆகும்.

கையெழுத்துக்குப் பின்

ஐந்தாவது குற்றம், அநுமதிக் காகிதத்தில் கையெழுத்து விழுந்தவுடன் அறிக்கை அலமாரிக்குள் உறங்கச் சென்றுவிடுவது. ஆற்றில் சேறு இவ்வளவுதான் கலக்கும் என்று எழுதினார்களே, கலந்தது எவ்வளவு? நிபந்தனைகள் விதித்தார்களே, நிறைவேறியவை எத்தனை? இதைப் பத்து ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் இல்லாதவரையில் நிபுணரும் கற்பதில்லை, இலாகாவும் கற்பதில்லை. 2021-இன் தொடக்கத்தில், சிங்கப்பூரின் கிராஞ்சியில் உயிரின ஆராய்ச்சி முடியுமுன்னரே சுமார் 4.5 ஹெக்டர் காடு தவறுதலாக வெட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. ஒழுங்குக்குப் பெயர் பெற்ற அவ்வூரிலேயே இவ்வாறு நேருமானால், காவல் குறைந்த இடங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

முன்னறிவும் பின்காவலும் இரண்டும் தவறினால் பாரம் எவர் தோளில் விழும் என்பதற்கு ஈப்போவை அடுத்த புக்கிட் மேரா சாட்சி. அங்கே ஈய மணற்கழிவிலிருந்து அரிய மண்தாதுக்களைப் பிரித்தெடுக்கும் ஆலை 1982-இல் வேலை தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. கட்டாய மதிப்பீட்டுச் சட்டம் அப்போது அமலில் இல்லை. 1985-இல் ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொல்லியது. 1993-இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994-இல் ஆலை தானே மூடப்படும் என்று கம்பெனி அறிவித்தது. ஆலை தீங்கற்றது என்று ஆலைக்காரன் மெய்ப்பிக்க வேண்டியதற்குப் பதிலாக, ஆலை தீங்கானது என்று ஏழை ஜனங்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு, தம் ஆயுளில் பல ஆண்டுகளைச் செலவிட்டு மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. மெய்ப்பிக்கும் பாரம் எவர் மீது இருக்கிறது என்பதே இந்தப் பிரச்சினை முழுவதிலும் உயிர்நாடியான கேள்வி. இலாபம் எவனுக்கோ, பாரமும் அவனுக்கே என்பதே நியாயம்.

ஆட்சேபங்களும் விடைகளும்

இனி எதிர்க்கட்சியின் வாதங்களையும் கேட்போம். முதலாவது, இத்தகைய ஆராய்ச்சிகள் வேலையைத் தாமதப்படுத்தி, ஏழைக்குக் கிடைக்கவிருக்கும் சோற்றைத் தட்டிப் பறிக்கின்றன என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. வழி காட்டிய அமெரிக்க நாடே அறிக்கைகள் ஆயிரக்கணக்கான பக்கங்களாக வீங்கியதைக் கண்டு, 2023-இல் சட்டத்தைத் திருத்தி, சாதாரணமான முழு அறிக்கைக்கு 150 பக்கமும் இரண்டு ஆண்டும் எல்லை என்று விதித்தது. பக்கத்தைக் குறைப்பதை யாமும் வரவேற்கிறோம். யாரும் படிக்காத நானூறு பக்கத்தைக் காட்டிலும் எல்லாரும் படிக்கும் நாற்பது பக்கம் மேலானது. ஆனால் எதைக் குறைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். வீண் சொல்லைக் குறைத்தால் அது சீர்திருத்தம். மக்கள் சொல்லைக் குறைத்தால் அது அநீதி.

இரண்டாவது, கட்டுப்பாடுகள் தொழிலை அழித்துவிடும் என்பது. செம்பனை எண்ணெய் ஆலைகளைப் பாருங்கள். ஒரு காலத்தில் அவ்வாலைகளின் கழிவுநீர் ஆறுகளைக் கறுப்பாக்கி மீன்களைக் கொன்றது. 1977-இல் விதிகள் பிறந்தன. கழிவுநீர் ஆற்றின் உயிர்க்காற்றை உறிஞ்சும் அளவு லிட்டருக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று முதலில் வைத்து, படிப்படியாகக் குறைத்து, 1984-இல் 100 என்று நிறுத்தினர். ஆலைகள் குளம் வெட்டின. கழிவைச் சுத்திகரிக்கக் கற்றன. தொழில் அழிந்ததா? அதன்பிறகன்றோ செம்பனை இந்நாட்டின் மலைச்சாரலெல்லாம் பரவியது! விதி தெளிவாகவும், படிப்படியாகவும், எல்லாருக்கும் ஒன்றாகவும் இருந்தால் தொழில் அதனோடு வாழக் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது வாதம் நயமானது. பலருடைய நன்மைக்காகச் சிலர் நஷ்டப்படுவது உலக இயல்பு. நஷ்டஈடு கொடுத்துவிட்டால் போதாதா என்பர். நஷ்டஈடு வேண்டியதே. ஆனால் விலை பேசுமுன் விற்கச் சம்மதமா என்று கேட்பதல்லவா வியாபார நீதி? அன்றியும், ஈடு கொடுக்க முடியாதவை சில உண்டு. அற்றுப்போன ஒரு மீனினத்துக்கு ஈடு எது? இன்னும் பிறக்காத குழந்தைக்கு எவர் கையில் பணத்தைக் கொடுப்பது? ‘சிலர்’ என்ற அந்தப் பட்டியலில் எப்போதும் ஒரே வகையினர் இருப்பதையும் கவனியுங்கள். ஆற்றங்கரைக் குடிகள், மீனவர், ஒராங் அஸ்லிகள், தோட்டப் பாட்டாளிகள் ஆகியோரே திரும்பத் திரும்ப அப்பட்டியலில் வருகின்றனர். துரைமார் பங்களா இருக்கும் குன்றின் மீது குப்பைமேடு அமைக்க எவரும் திட்டம் போட்டதில்லை. தியாகம் என்பது தானாகச் செய்வது. பிறர் தலையில் ஏற்றிவைப்பதற்குத் தியாகம் என்று பெயரிடுவது சொல்லுக்குச் செய்யும் துரோகம்.

தலையெழுத்தா, கையெழுத்தா?

கடைசியாக நம் மக்களுக்கு ஒரு சொல். மலை சரிந்தாலும், வெள்ளம் வந்தாலும், கிணற்று நீர் நாறினாலும் ‘எல்லாம் தலையெழுத்து’ என்று சொல்லி அடங்கிவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. 1993 டிசம்பர் 11-ஆம் தேதி கோலாலம்பூருக்கு அருகே ஹைலண்ட் டவர்ஸ் என்ற அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 உயிர்கள் மாண்டன. அதை விதி என்று விட்டுவிடாமல் விசாரித்தபோது, மலைச்சரிவின் நீர்வடிகால் குறைபாடும் தாங்குசுவரின் பலவீனமும் தெரியவந்தன. மனிதர் கட்டியது, மனிதர் பராமரிக்காமல் விட்டது, மனிதர் அநுமதித்தது. இதில் பிரமனுக்கு என்ன வேலை? பெரும்பாலான தலையெழுத்துகள் ஏதோ ஓர் அலுவலகத்தில் எவரோ ஒருவர் போட்ட கையெழுத்துகளே. தலையெழுத்தை மாற்ற எவராலும் ஆகாது என்பர். கையெழுத்துப் போடுமுன் நிறுத்திக் கேள்வி கேட்க எவராலும் ஆகும்.

இலாகாக்களைச் சீர்திருத்த வேண்டியது அரசாங்கத்தின் கடமை. ஆனால் கேட்பார் இல்லாத இடத்தில் எந்த இலாகாவும் தானாகச் சீர்திருந்தியதில்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு பட்டணத்து வாசகசாலையிலும், வாலிபர் சங்கத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்த இருவர் இவ்வேலையைத் தம் வேலையாக ஏற்கட்டும். பக்கத்தில் ஒரு திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டால், அதற்கு மதிப்பீட்டு அறிக்கை உண்டா என்று விசாரிக்கட்டும். உண்டெனில் வாங்கிப் படித்து, ஆறு மணிக்குப் பின் கூடும் மக்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லட்டும். முதியோர் சொல்லும் ஓடைக் கதைகளையும் மழைக் கதைகளையும் குறித்துக்கொண்டு, தவணை முடியுமுன் தேசிய மொழியில் எழுதி அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சியும் வைத்துக்கொள்ளட்டும். விடை வராவிட்டால் மறுபடி எழுதட்டும். மதிப்பீடு சடங்காக இருப்பது எதிரே கேள்வி கேட்பவன் இல்லாத வரையில்தான். கேள்வி கேட்கும் இருவர் எதிரே உட்கார்ந்துவிட்டால், சடங்கு செய்ய வந்தவரும் விசாரணை செய்தே தீர வேண்டியவர் ஆவர்.